பாஸ்பேட்டு மூட்டை

செல்லாயி அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது கீழே விழுந்ததால் அல்ல. முகம் துடைக்கிற சின்னத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்தார், முறிந்துவிட்டது. அவ்வளவுதான். எங்கள் வரிசை வீடுகளில் இதை முதலில் யாரும் நம்பவில்லை. புருசன்காரன்தான் கையைப் பிடித்து முறுக்கியிருப்பான் என்று இரண்டு வீட்டில் பேச்சு. பேசுகிறவர்களுக்கு என்ன, பேசிவிட்டுப் போனார்கள். நல்லவேளை, முறிந்தது ரத்தம் சுத்தம் செய்ய ஊசி குத்துகிற இடது கை இல்லை.

எனக்கு வேன் ஓட்டுகிற வேலை. பெயர் மகேந்திரன். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போவில் இருக்கிற ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போவேன். காலையில் கொண்டுபோய் விட்டால் நாலு மணி நேரம் மெசினில் கிடப்பார்கள். பதினொன்றரைக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். வண்டியில் பேசுவதைக் காதில் வாங்கக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். செல்லாயி அக்காவும் அவர் புருசன் சீனி அண்ணனும் ஏறினால் அந்தச் சட்டம் செல்லாது. அக்காவின் குரல் அப்படி.

கைக்கு மாவுக்கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு உளுத்துப்போயிருக்கிறது, ரத்தத்தில் பாஸ்பேட் இரண்டு புள்ளி ஏழு இருக்கிறது, ஒன்று புள்ளி எட்டுக்குக் கீழே வந்தாக வேண்டும் என்றாராம். அடுத்த மாத ரத்தப் பரிசோதனையிலும் இறங்காவிட்டால் கழுத்தைத் திறந்து சுரப்பியை எடுக்கிற ஆபரேசன். அக்காவுக்கு இருதயமும் பலவீனம். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பாரா என்று உறுதி சொல்ல மாட்டேன் என்று இருதய டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆக, கையில் இருப்பது ஒரு மாதம்.

"ரெண்டு புள்ளி ஏழுன்னா என்னா அர்த்தம் தெரியுமா மகேந்திரா?" அக்கா பின் சீட்டிலிருந்து கேட்டார். வெளியே கல்லுடைக்கிற மலை வெள்ளையாகப் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தது.

"தெரியாதுக்கா."

"எட்டு வருசம் நான் தலையில சுமந்த சாமான் இன்னும் என் ஒடம்ப விட்டுப் போவலன்னு அர்த்தம். இந்தா உக்காந்திருக்காரே மண்டோரு, அவருகிட்ட கேளு. எந்தச் சாமானு, யாரு சுமக்க வச்சான்னு கேளு."

சீனி அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருசம் மண்டோராக, ஆள்களை வேலை வாங்குகிற கங்காணியாக, இருந்தவர் அவர். நாற்பது ஐம்பது பேரை ஒரு சத்தத்தில் நிரையில் நிறுத்தியவர் என்று சொல்வார்கள். தோட்டத்தை விற்று, ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு இங்கே வந்தார்கள். இப்போது வீட்டில் சமையல் அவர்தான். காய்கறியை நறுக்கி ஊற வைத்து, ஒரு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, உப்பில்லாமல் தாளித்து எடுப்பார். துணி துவைப்பதும் அவர்தான். அன்றைக்கு அந்தத் துண்டை அக்கா பிழிந்தது, இவர் பிழிவது சரியில்லை என்ற கோபத்தில்.

பாஸ்பேட் என்ற சொல் இந்த வீட்டுக்குள் வந்தது ஒன்றரை வருசம் முன்னால். நிலையத்தில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருக்கிற கலாதேவி ஒரு நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து, "அக்கா, பாஸ்பேட் ஏறிப்போச்சுக்கா" என்றிருக்கிறாள். மிஸ்ஸி சொல்கிற மற்ற எதுவும் அக்காவுக்குப் பிடிபட்டதில்லை. இது பிடிபட்டது. தோட்டத்தில் உர லோரி வந்து நின்றால் சீனி அண்ணன் போடுகிற முதல் சத்தமே, "பாஸ்பேட்டு மூட்டைய எறக்கு" என்பதுதானாம்.

"சாம்பக் கலருல மாவு மாதிரி இருக்கும்லா," என்று அக்கா சுபைதாவிடம் சொன்னார். சுபைதா பக்கத்துச் சீட்டு. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். இதே கழுத்து ஆபரேசன் செய்துகொண்டு, அதிலிருந்து குரல் கம்மிப்போனவள். "மேட்டுக்காட்டுல பொட்டியில அள்ளித் தலையில வச்சுக்கிட்டு ஏறணும். மரத்துக்கு ஒரு டின்னு. மரத்தச் சுத்தி வீசணும். காத்தடிச்சா மூஞ்சி, மூக்கு, வாய் எல்லாம் மாவு. வேர்வையில ஊறித் தோலெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். கையாலதான் வாரணும். கையுறை கேட்டா, சீமாட்டியா நீன்னு கேப்பாரு இந்த மண்டோரு."

"அல்லாவே, ரொம்ப சூசாலா அக்கா, கஷ்டமான வேலை."

"அதான் உள்ள எறங்கிடுச்சு. இப்ப அரிச்சு அரிச்சு வெளிய வருது."

எலும்பு முறிந்த கையோடும் அக்கா சொறிவதை நிறுத்தவில்லை. முதுகு, முழங்கால், மாவுக்கட்டுக்குள் அகப்பைக் காம்பை விட்டுக்கூடச் சொறிவார். அதற்கு ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. அரித்தால் நல்லது என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை எல்லாரையும் இறக்கிவிட்டு வண்டியைக் கழுவப் போட்டேன். பின் சீட்டுக்கு அடியில் கால்மிதியைத் தூக்கினால் வெள்ளை வெள்ளையாக மாத்திரை. முழுசாகப் பதினொன்று. மிதிபட்டு மாவானது தனி. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. என் வண்டி என்ன குப்பைத் தொட்டியா? பொறுக்கிக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக சீனி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றை விரலில் நசுக்கி முகர்ந்தார்.

"இது சோத்தோட போடறது தம்பி. நான்தான் சோறு கட்டற பொங்குஸ்ல தனியா மடிச்சுக் குடுப்பேன். வண்டியில சாப்பிடறப்ப மென்னுட்டேன் மென்னுட்டேன்னு சொல்லும்."

"வீட்லண்ணே?"

அவர் எழுந்து பின்பக்கம் போனார். நானும் போனேன். கறிவேப்பிலைத் தொட்டியில் மண்ணைக் கிளறினார். அங்கேயும் வெள்ளை. கையில் மண்ணோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மகேந்திரா, இத மிஸ்ஸிகிட்ட நீ சொல்லாத. ஏசிருவா. நானே கேக்கறேன்."

செவ்வாய்க்கிழமை அக்காவை மெசினில் படுக்க வைத்த பிறகு கலாதேவி வெளியே வந்தாள். அண்ணன் என்னைப் போகச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. அண்ணன் பொட்டலத்தை நீட்டி எல்லாவற்றையும் சொன்னார். ஏச்சு விழவில்லை. அந்தப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மடச்சிண்ணே. அக்கா போடுறாங்கன்னு நெனச்சு மாத்திரையக் கூட்டிக் கூட்டி எழுத வச்சேன். ஏன் போட மாட்றாங்க?"

"மொதல்ல ரெண்டு வாரம் போட்டுச்சு. வயிறு கட்டிக்கிச்சு. பாத்தீங்களா, மாத்திரை உள்ள வச்சுப் பூட்டுது, உரம் வெளிய வர விடாம அடைக்குதுன்னு சொல்லிடுச்சு. அது சொல்றதுல ஞாயம் இருக்கா மிஸ்ஸி? உரம் போட்டதுனாலதான் வந்துச்சா? நெசத்தச் சொல்லுங்க."

"இல்லண்ணே." கலாதேவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அந்த உரம் தோலு வழியா எறங்கி இத்தன வருசம் ஒடம்புல தங்காது. மருந்தடிக்கிற வேலை செஞ்சவங்க கதை வேற, அத நான் பேசல. அக்காவுக்கு கிட்னி போனது இனிப்பு நீரு, சக்கரை வியாதியில. இந்தப் பாஸ்பேட்டு சாப்பாட்டுல வர்றது. மீனு, கறி, பாலு, பருப்பு, நெத்திலி எல்லாத்துலயும் இருக்கு."

"அப்ப அது வெசமா?"

"வெசம் இல்லண்ணே, வேணும். எலும்பும் பல்லும் அதுலதான் கட்டியிருக்கு. நல்ல கிட்னின்னா ரத்தத்த வடிகட்டி, வேணுங்கறதத் திருப்பி எடுத்துக்கும், மிச்சத்த மூத்திரத்துல அனுப்பிடும். இன்னிக்கு ரெண்டு துண்டு மீன் அதிகமாத் தின்னா அதிகமா அனுப்பும். பட்டினி கெடந்தா அனுப்பாம புடிச்சு வச்சிக்கும்."

"எவ்வளவு அனுப்பணும்னு அதுக்கு யாரு சொல்றது?" மண்டோராக இருந்தவருக்கு அதுதான் சந்தேகம்.

"ஆளு இருக்கு. கழுத்துல அரிசி மாதிரி நாலு சுரப்பி. எலும்புலேர்ந்தும் ஒரு சேதி போகும். கூடிப்போச்சு, வெளிய தள்ளுன்னு கிட்னிக்குச் சொல்லும். அக்காவுக்கு கிட்னி வேலைய விட்டு நின்னுடுச்சா, அது அந்தச் சுரப்பிக்குத் தெரியாது. கத்திக்கிட்டே இருக்கு. கேக்கத்தான் ஆளில்ல. அது கத்தக் கத்த எலும்புலேர்ந்து சுண்ணாம்புச் சத்து உருவிக்கிட்டுப் போவுது. துண்டு பிழிஞ்சா முறியாம என்னா செய்யும்?"

"மெசினு எடுத்துடாதா?"

"ரத்தத்துல ஓடறத எடுக்கும். பெரும்பங்கு எலும்புலயும் சதையிலயும் கெடக்கே. மெசின நிறுத்தின கொஞ்ச நேரத்துல மெதுவா ரத்தத்துக்கு வந்துடும். நாலு மணி நேரத்துல எவ்வளவு எடுக்க முடியும்? அதுக்குத்தான் இந்த மாத்திரை. இது ரத்தத்துக்குப் போறதுக்கு இல்ல. வயித்துல சோத்தோட கலந்து, அங்கயே பாஸ்பேட்டப் புடிச்சு மலத்துல கொண்டுபோயிடும். அதனாலதான் சாப்பிடறப்பவே மெல்லணும். வெறும் வயித்துல போட்டா புண்ணியமில்ல. வயிறு கட்டுனா அதுக்கு நான் டாக்டர்கிட்ட மருந்து கேக்கறேன். அரிக்கிறது வெளிய போறதுக்கு அடையாளம் இல்லண்ணே, உள்ள சேந்துபோனதுக்கு அடையாளம்."

அவள் எழுந்து உள்ளே போனாள். எதிர்க் கடையில் இரண்டு கோப்பி-ஓ சொன்னேன். அண்ணன் கோப்பையைத் தொடவில்லை. எனக்கானால் சந்தோசம். ஒன்றரை வருசமாக இந்த மனுசன் வாங்குகிற ஏச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கே காது புளித்துவிட்டது.

"விடுங்கண்ணே. பழி போச்சு. மிஸ்ஸி வாயாலயே சொல்லியாச்சு."

"பழி அது இல்ல தம்பி," என்றார்.

பிறகு சொன்னார். பெரட்டு என்றால் விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் ஆள் கூட்டி, பேர் கூப்பிட்டு, வேலை பிரிக்கிற இடம். எண்பத்து நாலாம் வருசம். அண்ணன் மண்டோராகி நாலு மாதம்தான். அக்கா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பெரட்டில் பேர் கூப்பிட்டதும் முன்னால் வந்து, "மூணு மாசத்துக்கு என்னைப் புல்லு வெட்டப் போடுங்க, பொட்டி தூக்க முடியல" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்டாராம், இவர் பார்க்கலாம் என்று சொல்லி நாளைக் கடத்தினாராம்.

"மண்டோரு பொண்டாட்டிக்கு லேசான வேலைன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்துச்சு. எனக்குப் பயம். வீட்டுலதான் நான் ஒனக்குப் புருசன், இங்க மண்டோரு, தூக்க முடியாதவ நாளைக்குப் பெரட்டுக்கு வராதன்னு சொல்லிட்டேன். நாப்பது பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அது பொட்டியத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு மேட்டுக்குப் போயிடுச்சு."

"புள்ள?"

"நல்லபடியாப் பொறந்துச்சு. சரளாதான். ஜொகூர்ல இருக்கே." அவர் மேசைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். "அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல தம்பி, இன்னிக்கு வரைக்கும். உரத்தத்தான் பேசும். நான் உரத்துக்கு ஏச்சு வாங்கல. அதுக்குத்தான் வாங்கறேன்னு எனக்குத் தெரியும்."

ஒரு மனுசன் மீது பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன், இப்போது அவர் மீதே கோபமும் வந்தது. ஆறு மாதக் கர்ப்பிணியை மேட்டுக்காட்டுக்கு அனுப்பியவரோடு உட்கார்ந்து கோப்பி குடிக்கிறேன் என்று இருந்தது. குடித்து முடித்தேன்.

பதினொன்றரைக்கு அவர்களை ஏற்றியபோது மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழை, துடைப்பான் போட்டும் ரோடு தெரியவில்லை. ஒரு மரத்தடியில் ஓரங்கட்டினேன். சாப்பிட்டுவிடலாம் என்று எல்லாரும் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மெசினிலிருந்து இறங்கினால் பசி பிடுங்கும். சுபைதா ஒரு வாய் சோறு, ஒரு மாத்திரை என்று மென்றாள். அக்கா இடது கையில் கரண்டி பிடித்துக்கொண்டார். அண்ணன் மாத்திரைகளை நீட்டினார்.

"அப்படி வைங்க. அப்பறம் போட்டுக்கறேன்."

"செடிக்குப் போட்டது போதும் புள்ள. எனக்குத் தெரியும்."

கரண்டி நின்றது. அக்கா என் முதுகைப் பார்த்து முறைப்பது கண்ணாடியில் தெரிந்தது. நான் மழையைப் பார்த்தேன்.

"மிஸ்ஸிகிட்ட கேட்டேன். உரம் இல்லியாம். திங்கிற சோத்துலதான் வருதாம். நல்ல கிட்னின்னா மிச்சத்த அள்ளி வெளிய கொட்டிடுமாம், ஒனக்குக் கொட்ட ஆளில்லையாம். அந்த வேலையத்தான் மாத்திரை செய்யுது. பூட்டல, கொட்டுது."

"ஓகோ. உரத்துக்கும் ஒங்களுக்கும் சம்மந்தமில்லன்னு மிஸ்ஸிகிட்ட எழுதி வாங்கிட்டு வந்துட்டீங்களா? நல்லாருக்கு மண்டோரே. பொட்டி தூக்கினது அந்தப் பொண்ணா, நானா?"

"உரத்த விடு. அன்னிக்குப் பெரட்டுல நான் சொன்னது தப்பு. சிரிச்சதும் தப்பு."

சுபைதா மெல்வதை நிறுத்திவிட்டாள். அக்கா எந்தப் பெரட்டு என்று கேட்கவில்லை. அவர் குரல் மிகத் தணிந்து வந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வண்டிக்குள்ள சொல்றீங்க. அன்னிக்கு நாப்பது பேரு முன்னால சொன்னீங்க."

"அந்த நாப்பது பேருக்கு நான் எங்க போவேன்? பாதிப் பேரு செத்துட்டாங்க."

"மீதிப் பேரு இருக்காங்கல்ல."

மாத்திரை காகிதத்தில் அப்படியே இருந்தது. அண்ணன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் பேர் பேராகச் சொல்லிப் பார்த்தார். ஒருவன் சிங்கப்பூரில், ஒருத்தி பிள்ளையோடு பினாங்கில், இன்னொருத்தி எங்கே என்றே தெரியாது. தாப்பாவில் முத்தம்மாவும் அவள் நாத்தனார் விமலாவும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதான் நிக்கும்," என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம்.

ஞாயிற்றுக்கிழமை தாப்பா வீட்டில் முத்தம்மா தடபுடலாகச் சமைத்திருந்தாள். எழுபத்திரண்டு வயதுக்கு நல்ல வேகம். கெம்போங் மீன் குழம்பு, பயத்தங்காய்ப் பொரியல், நெத்திலிச் சம்பல். விமலாவுக்குக் கண் மங்கிவிட்டது, அக்காவின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இளைச்சிட்டியே செல்லாயி. கை வேற கட்டு போட்டிருக்கு. என்னாலா இது?"

"துண்டு பிழிஞ்சேன்."

எல்லாருக்கும் தட்டு வைத்தார்கள். அண்ணன் உட்காரவில்லை. வாசல்படிக்கு உள்ளே, இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டு, பேர் கூப்பிடக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

"என்னாங்க மண்டோரே, உக்காருங்க," என்றாள் முத்தம்மா.

"ஒரு விசயம் சொல்லிட்டு உக்காரறேன். எண்பத்து நாலுல, இது மாசமா இருந்தப்ப, பெரட்டுல வந்து புல்லு வெட்டற வேலை கேட்டுச்சு. தூக்க முடியாதவ பெரட்டுக்கு வராதன்னு நான் எல்லாரு முன்னாலயும் சொன்னேன். நீங்கள்லாம் சிரிச்சீங்க. நான் சொன்னது தப்பு. என் பொண்டாட்டிய நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அத ஒங்க முன்னால சொல்லணும்னு வந்தேன்."

நான் தட்டைப் பார்த்தபடி இருந்தேன். நிமிர்ந்தால் எனக்குக் கண் கலங்கியிருக்கும்.

முத்தம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். விமலாவைப் பார்த்தாள். விமலா உதட்டைப் பிதுக்கினாள்.

"எந்தப் பெரட்டுங்க? தெனம் பெரட்டுதான், தெனம் ஏச்சுதான். நான் சிரிச்சேனா? எனக்கு ஞாபகமே இல்லியேலா. ஒனக்கு இருக்கா விமலா?"

"எனக்கு நேத்து தின்னதே ஞாபகம் இல்ல."

அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை தூரம் வந்து, யாருக்கும் நினைவில்லாத ஒன்றுக்காக நடு வீட்டில் நின்றுகொண்டிருந்தார். அக்காவைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

செல்லாயி அக்கா இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம்.

"அப்ப நாப்பது வருசமா நான் ஒருத்திதான் இதத் தூக்கிக்கிட்டு இருந்தேனா?"

"நானுந்தான் புள்ள," என்றார் சீனி அண்ணன்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இடது கையை அவரிடம் நீட்டினார்.

"எத்தன போடணும்?"

"மூணு. சோத்தோட சேத்து மெல்லணும்."

"குடுங்க."